ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருந்தால்

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு வயதுப் பையன். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிகிறது. நெபுலைசர் வைத்தாயிற்று, குறையவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்கிறார். கரகரப்பு இல்லை, வீசிங் இல்லை. காற்று தடையில்லாமல் போய் வருகிறது. ஆனாலும் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தவன் போலப் பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறான். வாயருகே குனிந்தால் கனிந்து அழுகிய பழத்தின் வாடை.

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்த மூச்சுக்குக் காரணம் நுரையீரலில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. கரியமில வாயுவை வெளியே தள்ளித் தள்ளி அந்த அமிலத்தைக் குறைக்க உடம்பு போராடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-லேயே சர்க்கரை நோயாளிகளிடம் இந்த மூச்சைக் கவனித்து எழுதிவைத்தார். இன்றும் அதற்கு ‘குஸ்மால் மூச்சு’ என்றுதான் பெயர்.

நோயின் முழுப்பெயர் டயபெடிக் கீட்டோஅசிடோசிஸ். மருத்துவமனைப் பேச்சில் டி.கே.ஏ. சர்க்கரை நோய் என்றால் ஐம்பது வயதில் வருவது, சோற்றைக் குறைத்து நடைப்பயிற்சி போனால் அடங்குவது என்றுதான் நம் வீடுகளில் பலரும் நினைக்கிறார்கள். பால்பாட்டிலை இன்னும் விடாத பிள்ளைக்கும் அது வரும், வந்தால் சில வாரங்களில், சிலசமயம் சில நாள்களிலேயே உயிரைத் தொடும் இடத்துக்குப் போகும் என்பது அந்தக் குடும்பத்துக்கு ஐ.சி.யூ. வாசலில்தான் தெரியவருகிறது.

நெல் இருக்கிறது, உலையில் அரிசி இல்லை

குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் டைப் 1 சர்க்கரை நோய். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. அம்மா கர்ப்பத்தில் இனிப்பு சாப்பிட்டதாலோ, தாத்தா சாக்லேட் வாங்கிக் கொடுத்ததாலோ இது வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை. யார் மேலும் பழி போட இதில் இடமே இல்லை.

இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை செல்களுக்குள் போக முடியாது. குதிர் நிறைய நெல் இருந்தும் குதிரின் வாய் அடைபட்ட வீடு மாதிரி ஆகிவிடுகிறது உடம்பு. ரத்தத்தில் சர்க்கரை வழிகிறது, செல்களோ பட்டினி கிடக்கின்றன. பட்டினியைத் தீர்க்க உடம்பு கொழுப்பை உடைக்கத் தொடங்குகிறது. கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் பொருள்தான் கீட்டோன். கொஞ்சமாக இருந்தால் அது எரிபொருள், மிஞ்சினால் அமிலம்.

இன்னொரு பக்கம், ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பிள்ளை ஓயாமல் ஒன்றுக்குப் போகிறான், ஓயாமல் தண்ணீர் கேட்கிறான், சாப்பிட்டும் இளைக்கிறான். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்து இந்த நோயை அறிந்திருந்தது பழைய இந்திய மருத்துவம். ‘மதுமேகம்’ என்ற பெயரிலேயே தேன் இருக்கிறது.

கீட்டோன் ஏற ஏற வயிறு வலிக்கும், வாந்தி வரும். அதுவரை தண்ணீரைக் குடித்துக் குடித்தாவது ஈடுகட்டிக்கொண்டிருந்த குழந்தையால் வாந்தி தொடங்கியதும் அதுவும் முடியாமல் போகிறது. அங்கிருந்து சரிவு வேகமெடுக்கிறது. பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பிலிருந்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் போயிருக்கும். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல், ரத்தத்தின் அமில–கார அளவான பி.எச். 7.3-க்குக் கீழ், ரத்தத்திலோ சிறுநீரிலோ கீட்டோன் என மூன்றும் சேர்ந்தால் அது டி.கே.ஏ. பி.எச். 7.1-க்கும் கீழே போனால் கடுமையான நிலை. சாதாரணமாக அது 7.4-ஐ ஒட்டியே நிற்கும். கேட்பவருக்கு இந்த இடைவெளி சின்னதாகத் தோன்றும். இதயத்துக்கும் மூளைக்கும் இது பெரிய வீழ்ச்சி.

சின்னப் பிள்ளையிடம் ஏன் தவறவிடுகிறோம்

பத்து வயதுப் பெண் என்றால் “தாகமா இருக்கும்மா” என்று சொல்லுவாள். ராத்திரி நாலு முறை எழுந்து போவதை வீடு கவனிக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டயப்பர் கட்டியிருக்கிறது. அது கனமாக இருந்தால் “நல்லா மூத்திரம் போறான், உடம்பு காயல” என்ற நிம்மதிதான் வருகிறது. வாந்தி பேதியில் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறையும் என்பது எல்லோரும் அறிந்தது. இந்த நோயிலோ உடம்பு வறண்டுகொண்டிருக்கும்போதே டயப்பர் நனைந்துகொண்டிருக்கும். அனுபவமுள்ள மருத்துவரையும் ஏமாற்றக்கூடிய அடையாளம் அது.

வேடங்கள் இன்னும் உண்டு. ஆழ்ந்த மூச்சு நிமோனியா போலவும் ஆஸ்துமா போலவும் தெரியும். வாந்தியும் வயிற்றுவலியும் ஃபுட் பாய்சன் போலவோ குடல்வால் அழற்சி போலவோ இருக்கும். டயப்பர் போடும் இடத்தில் ஆறாத சிவந்த புண், பூஞ்சைத் தொற்றாகப் பார்க்கப்பட்டு களிம்போடு முடிந்துவிடும். அந்தப் பூஞ்சையை வளர்ப்பது சர்க்கரை கலந்த சிறுநீர் என்று யாருக்கும் தோன்றாது. படுக்கையை நனைப்பதை விட்டு ஒரு வருடமான பிள்ளை மறுபடி நனைத்தால் “தம்பி பாப்பா பிறந்ததால ஏக்கம்” என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டிலும் அவரவர் அறிந்த விளக்கம் இருக்கிறது. வெயில் காலம், அதனால் தாகம். பல் முளைக்கிறது, அதனால் எரிச்சல். வாந்தி நிற்காவிட்டால் சில ஊர்களில் தொக்கம் எடுக்கவோ குடலேற்றம் தட்டவோ தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளை சோர்ந்து கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் பாட்டி குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பாள், அப்பா பாட்டில் ஜூஸ் வாங்கி வருவார். பக்கத்துக் கிளினிக்கில் தெம்புக்காக ஒரு குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும் சர்க்கரை இன்னும் ஏறும். வீசிங் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தாலும் அதே கதைதான். அன்பும் அக்கறையும் இருக்கும் இடத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. இல்லாமல் போனது சந்தேகம் ஒன்றுதான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, டி.கே.ஏ. நிலையில் முதன்முதலாக நோய் கண்டறியப்பட்ட 735 குழந்தைகளைப் பின்னோக்கிப் பார்த்தது. அவர்களில் 285 பேர் அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் ஒருமுறையாவது ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தார்கள். பத்தில் கிட்டத்தட்ட நாலு பேர். கதவுவரை வந்த குழந்தைகள் வேறு ஏதோ மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். வயது குறையக் குறைய இந்த ஆபத்து கூடுகிறது.

1922-க்கு முன்னும் பின்னும்

நூறு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு குழந்தை வந்தால் மருத்துவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. பட்டினி உணவு முறை என்று ஒன்று இருந்தது. மாவுச்சத்தை அறவே குறைத்து, எலும்பும் தோலுமாக வைத்து, சில மாதங்கள் மரணத்தைத் தள்ளிப்போடும் வழி அது. 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக, இன்சுலின் உள்ள கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. அவன் எடை அப்போது சுமார் 30 கிலோ. முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அந்தச் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுக்க, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, சிறுநீரிலிருந்து கீட்டோன் மறைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். இன்னும் 13 வருடம் வாழ்ந்தான்.

அந்த வருடத்திலிருந்து டி.கே.ஏ. என்பது காப்பாற்றக்கூடிய நோய். நல்ல வசதியுள்ள நாடுகளில் டி.கே.ஏ. வந்த குழந்தைகளில் இறப்பவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வசதி குறைந்த இடங்களில், தாமதமாக வந்து சேரும் இடங்களில், அந்த எண்ணிக்கை பல மடங்கு. ஆனால் வசதி இருக்கும் இடத்திலும் மருத்துவர்களைத் தூங்கவிடாத ஒரு சிக்கல் இருக்கிறது: மூளை வீக்கம்.

மூளை வீங்கும் அந்த மணி நேரங்கள்

டி.கே.ஏ. வரும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் மூளை வீக்கம் வெளிப்படையாக வருகிறது. ஆனால் அந்த ஒருவருக்கு அது வந்துவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை உயிர் போகும் வாய்ப்பு. பிழைத்தவர்களிலும் பத்து முதல் 25 விழுக்காடு குழந்தைகளுக்கு நிரந்தரமான நரம்புப் பாதிப்பு தங்கிவிடுகிறது. டி.கே.ஏ.-வால் குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

இதில் பெற்றோரை நிலைகுலைய வைப்பது அது வரும் நேரம். பெரும்பாலும் சிகிச்சை தொடங்கி 4 முதல் 12 மணி நேரத்துக்குள் வருகிறது. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது, அமிலம் குறைந்துகொண்டிருக்கிறது, ‘பிள்ளை தேறிவிட்டான்’ என்று அம்மா முதன்முறையாகக் கண் மூடும் நேரம் அது. சில குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே வந்திருக்கும்.

காரணம் என்ன? டிரிப்பை அதிவேகமாக ஏற்றினால் ரத்தம் திடீரென்று நீர்த்துப்போய், தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்துவிடுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2001-ல் அமெரிக்க மருத்துவர் நிக்கோல் கிளேசரும் சகாக்களும் மூளை வீக்கம் வந்த 61 குழந்தைகளின் விவரங்களை அலசி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீர் வற்றி ரத்தத்தில் யூரியா ஏறியவர்கள், அமிலம் முற்றி கரியமில வாயு மிகவும் குறைந்துபோனவர்கள், அமிலத்தை முறிக்க பைகார்பனேட் ஊசி பெற்றவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம் என்று அது காட்டியது. வந்து சேரும்போதே மூளைக்குப் போதிய ரத்தம் போகாமல் இருந்து, பிறகு திடீரென்று ரத்தம் பாயும்போது காயம் ஏற்படுகிறது என்ற பார்வை அதிலிருந்து வலுப்பெற்றது.

டிரிப்பின் வேகத்தைப் பற்றிய சர்ச்சைக்கு 2018-ல் ஒரு பதில் வந்தது. அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில், 1,389 டி.கே.ஏ. சிகிச்சைகளில், சலைனை வேகமாகக் கொடுப்பதையும் நிதானமாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒழுங்கான வழிமுறைக்குள் இருக்கும்வரை வேகத்தால் மூளைப் பாதிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. வெளிப்படையான மூளைப் பாதிப்பு வந்தது 12 பேருக்கு. அந்தப் பன்னிரண்டும் மிகவும் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட இடங்களில் வந்தவை. பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரும்போது எந்த நிலையில் வருகிறான் என்பதன் கனம் இதிலிருந்து தெரிகிறது.

இந்த வீக்கத்தைக் கண்டுபிடிக்கும் சிறந்த கருவி படுக்கை அருகில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். பெரிய குழந்தை தலைவலி என்று சொல்லும். சின்னக் குழந்தை எரிச்சலோடு சிணுங்கும், பிறகு அந்தச் சிணுங்கலும் நின்றுபோகும். நின்ற வாந்தி மறுபடி வரும். கூப்பிட்டால் விழித்தவன் இப்போது கிள்ளினால்தான் விழிப்பான். நாடித்துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் ஏறும், ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிட விரிந்திருக்கும். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கும் விதி இருக்கிறது. “இப்பத்தான் சிஸ்டர் தூங்கினான், விட்டுடுங்களேன்” என்று கெஞ்சும் அம்மாவுக்கு, தூக்கத்தையும் மயக்கத்தையும் பிரித்தறியத்தான் எழுப்புகிறார்கள் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்தேகம் வந்துவிட்டால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது என்கின்றன வழிகாட்டு நெறிமுறைகள். ஆரம்பத்தில் ஸ்கேன் சரியாக இருப்பதாகவே காட்டலாம். மூளையிலிருந்து நீரை இழுக்கும் மானிட்டால் மருந்தோ, அடர் உப்பு நீரோ உடனே ஏற்ற வேண்டும். அது மருந்துக் கிடங்கில் இருந்தால் போதாது; படுக்கை அருகிலேயே, அளவு கணக்கிட்டு எழுதி, தயாராக இருக்க வேண்டும்.

நிதானமே சிகிச்சை

வீட்டில் தாமதம் எவ்வளவு ஆபத்தோ, வார்டில் அவசரம் அவ்வளவு ஆபத்து. மீட்டரில் 500, 600 என்று பார்த்ததும் ஒரே ஊசியில் கீழே இறக்கிவிடத் தோன்றும். அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சீர்குலைந்த உடம்பை மணிக்கணக்கில் பழைய நிலைக்கு இழுத்தால் அது தாங்காது.

முதலில் உப்பு நீர். முதல் ஒரு மணி நேரத்துக்கு அதுதான் மருந்து. அதன் பிறகே இன்சுலின். அதுவும் மொத்தமாக ஓர் ஊசியாகப் போடாமல், சிரிஞ்ச் பம்ப் வழியே சொட்டுச் சொட்டாக, எடைக்கு ஏற்ப மணிக்கு கிலோவுக்கு 0.05 முதல் 0.1 யூனிட். பத்து கிலோ குழந்தைக்கு மணிக்கு அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இன்சுலின் இருக்கிறது. 100 யூனிட் உள்ள குப்பிகளும் உண்டு. நாற்பதுக்கான சிரிஞ்சால் நூறு குப்பியிலிருந்து எடுத்துவிட்டால் குழந்தைக்குப் போவது இரண்டரை மடங்கு. பெரியவருக்கு அது சர்க்கரைத் தாழ்வோடு போகலாம். பத்து கிலோ பிள்ளைக்கு அது வலிப்பாக முடியலாம்.

இன்சுலின் ஏறத் தொடங்கியதும் இன்னொரு ஆபத்து எழுந்து வருகிறது. பொட்டாசியம். வாந்தியிலும் சிறுநீரிலும் உடம்பின் பொட்டாசியம் ஏற்கெனவே கரைந்துபோயிருக்கும். அமிலத்தின் காரணமாக ரத்தத்தில் மட்டும் அது சரியாக இருப்பது போலத் தெரியும். இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது பொட்டாசியத்தையும் கூடவே தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் அளவு சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். எனவே சிறுநீர் வருகிறதா, ரத்த அளவு என்ன என்று பார்த்து டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள், இ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கிறது.

சர்க்கரை 300, 250 என்று இறங்கியதும் நர்ஸ் வந்து குளுக்கோஸ் கலந்த டிரிப்பை மாட்டுவார். இதைப் பார்த்துப் பதறாத அப்பா இல்லை. “சுகர்ன்னு சொல்லிட்டு நீங்களே சுகர் ஏத்துறீங்களே!” சர்க்கரை இறங்கிவிட்டாலும் அமிலம் இன்னும் தீரவில்லை, அமிலம் தீர இன்சுலின் தொடர்ந்து போக வேண்டும், இன்சுலின் போக வேண்டுமென்றால் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். மீட்டரின் எண்ணைவிட ரத்தத்தின் அமிலம்தான் அங்கே கணக்கு.

நீர் வற்றியதில் சிறுநீரகமும் அடிபடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017-ல் வந்த ஆய்வில், டி.கே.ஏ.-வோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 64 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தில் திடீர்ப் பாதிப்பு இருந்தது. ரத்தம் கெட்டிப்படுவதால் சிரையில் உறைகட்டி உருவாகலாம், குறிப்பாகத் தொடையில் பெரிய குழாய் போட்ட சின்னக் குழந்தைகளுக்கு. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். கொரோனா காலத்தில் நாடே பயந்த கருப்புப் பூஞ்சை, அமிலமும் சர்க்கரையும் மிகுந்த உடம்பைத் தேடி வரும் நோய். அரிதாக இந்தக் குழந்தைகளையும் பிடிக்கிறது.

எல்லாம் சரியாகி வீடு திரும்பிய பிறகும் ஒரு சுவடு இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2014-ல் வெளிவந்த ஆய்வு, டி.கே.ஏ.-வோடு நோய் தொடங்கிய குழந்தைகளையும் அது இல்லாமல் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டது. ஸ்கேனில் தெரிந்த மூளை மாற்றங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனாலும் ஆறு மாதம் கழித்து நினைவாற்றலிலும் கவனத்திலும் டி.கே.ஏ. வந்தவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். மூளை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் ஒரேயொரு தடவை வந்தாலும் அது ‘வந்து போன காய்ச்சல்’ அல்ல.

பார்மாவின் சுவரொட்டி

இத்தனை சிக்கலுக்கும் முன்னால் நிற்கும் தடுப்பு மிகவும் எளியது என்பதற்கு இத்தாலியில் ஒரு சாட்சி இருக்கிறது. வடக்கே பார்மா மாகாணம். அங்கே 1987 முதல் 1991 வரை டைப் 1 சர்க்கரை கண்டறியப்பட்ட குழந்தைகளில் 78 விழுக்காட்டினர் டி.கே.ஏ. நிலையில்தான் வந்து சேர்ந்தார்கள். குழந்தை மருத்துவர் மௌரிசியோ வனெல்லியும் சகாக்களும் 1991-ல் ஒரு சுவரொட்டி அச்சடித்து 177 பள்ளிகளில் ஒட்டினார்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், முக்கியமாக, படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைப்பது: இவற்றைக் கண்டால் சர்க்கரை பாருங்கள் என்பதுதான் செய்தி. கூடவே அந்தப் பகுதியின் குழந்தை மருத்துவர்கள் கையில் சிறுநீர்ச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையும் பார்க்கும் கருவியைக் கொடுத்தார்கள்.

புது மருந்து கிடையாது, புது எந்திரம் கிடையாது. அடுத்த ஆண்டுகளில் 78 விழுக்காடு 12.5 ஆகக் குறைந்தது. குழந்தைகளுக்கு நோய் வருவது நிற்கவில்லை. தாமதம் நின்றது.

இங்கிலாந்தில் டாய்லெட், தர்ஸ்டி, டயர்ட், தின்னர் என்று நாலு சொற்களில் பரப்புகிறார்கள். நம் வழியில் சொன்னால் ஓயாத தாகம், ஓயாத சிறுநீர், காரணமில்லாத இளைப்பு, காரணமில்லாத சோர்வு. ரேஷன் கடைச் சுவரிலும், அங்கன்வாடிச் சுவரிலும், தடுப்பூசி போடும் நாளில் அம்மாக்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரிலும் ஒட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வாசகம் வேண்டாம். உலகிலேயே டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைகளும் பதின்பருவத்தினரும் அதிகம் வாழும் நாடு இந்தியா. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி 20 வயதுக்குட்பட்டவர்கள் மட்டும் சுமார் 2.29 லட்சம் பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-ல் டைப் 1-க்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

குளுக்கோமீட்டர் இன்று பல வீடுகளின் அலமாரியிலேயே இருக்கிறது, தாத்தாவுக்காக வாங்கியது. அதே மீட்டர், அதே பட்டை, குழந்தையின் குதிகாலிலோ விரல் நுனியிலோ ஒரு குத்து. பதில் வர சில நொடிகள். வாந்தியோ மூச்சிரைப்போ சோர்வோ உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பெற்றோர், “ஒரு தரம் சுகரும் பாத்துடலாமா டாக்டர்?” என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அளவு 200-க்கு மேல் இருந்தால் ‘நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. அன்றே, அந்த நேரமே குழந்தைகள் ஐ.சி.யூ. உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் முறை வராமலிருக்க

நோய் தெரிந்த பிறகும் டி.கே.ஏ. திரும்பி வரலாம். அப்போது காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இன்சுலின் நின்றுபோனது. காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லை, “சாப்பிடாத பிள்ளைக்கு எதுக்கு ஊசி” என்று நிறுத்துவது மிகப் பரவலான தவறு. காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடுகிறது. அளவை மருத்துவரைக் கேட்டு மாற்றலாம். அறவே நிறுத்தக் கூடாது. வாந்தி வந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். ஊசியே வேண்டாம், சூரணத்தில் குணமாக்கிக் காட்டுகிறேன் என்று யார் வாக்குக் கொடுத்தாலும், டைப் 1 குழந்தையின் விஷயத்தில் அந்த வாக்குறுதியின் விலை சில நாள்களில் தெரிந்துவிடும்.

ஊசி மருந்து வாங்கப் பணம், வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, பள்ளியில் போட்டுவிட ஓர் ஆள் என மூன்றும் இல்லாத வீடுகள் நம்மிடம் ஏராளம். கோயம்புத்தூரின் இதயங்கள் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலினை இலவசமாகக் கொடுத்து வருகின்றன. பெட்டி இல்லாத வீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண்பானை, நடுவே ஈர மணல், உள்ளே குப்பி. கோடையிலும் மருந்து கெடாமல் காக்கும் ஏற்பாடு இது.

முதலில் பார்த்த அந்த ஆழ்ந்த மூச்சு, சரியான நேரத்தில் வந்து சேர்ந்த குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. அமிலம் தீர்ந்ததும் முதலில் திரும்புவது பசி. இட்லி கேட்பார்கள். வாய்வழியே சாப்பாடு தொடங்கும்போது, பம்பை நிறுத்துவதற்கு முன்பே தோலுக்கடியில் முதல் ஊசி போட்டாக வேண்டும். அன்று காலை நர்ஸ் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து சிரிஞ்சைக் கையில் கொடுக்கிறார். குப்பியில் எழுதியிருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணையும் உரக்கப் படிக்கச் சொல்கிறார். “நாப்பது… இதுலயும் நாப்பது” என்று அம்மா படிக்கிறாள். கை நடுங்குகிறது. பையன் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தொடையை இரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து ஊசியை இறக்குகிறாள். அவன் ஒருமுறை வீல் என்று கத்திவிட்டு, பிறகு தட்டை நோக்கிக் கையை நீட்டுகிறான்.